ஒழுகினது டென்ட்டு, நாங்க இல்ல

ஹில்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். குமணன்சாவடிக்குப் பின்னால் இருக்கிற மாதா கோயில் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். "அந்தம்மாவா? ஐயோ, வாயத் தொறந்தா மூட மாட்டாங்களே!" என்பார்கள். மூடத்தான் மாட்டாள். எதற்கு மூட வேண்டும்? நாற்பத்தேழு வயது வரை வாயை மூடிக்கொண்டு இருந்தவர்களுக்கு அந்தத் தெருவில் யாரும் மாலை போட்டதாகத் தெரியவில்லை.

பதினான்கு வருடம் அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தகரக் கொட்டகையில் தையல் வேலை பார்த்தாள். தையல் என்றதும் ஜாக்கெட், பாவாடை என்று நினைத்துவிடாதீர்கள். லாரிக்குப் போர்த்துகிற தார்ப்பாய், கித்தான் துணியில் கூடாரம், இந்த மாதிரி முரட்டுச் சாமான்கள். கித்தான் ஒரு மடிப்பைத் தூக்கினாலே தோள்பட்டை கழன்றுவிடும். அதைத் தைக்கிற பெரிய மிஷினில் ஆண்கள்தான் உட்காருவார்கள். பெண்களுக்கு நூல் வெட்டுகிற வேலை, மடித்து அடுக்குகிற வேலை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஹில்டா போய் அந்த மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் வாயில் சோற்றோடு ஓடி வந்தார்.

"ஏம்மா, எந்திரிம்மா! கை பூடும்!"

"போனா என் கை தான சார் போவும். உனுக்கு இன்னா?"

எழுந்திருக்கவில்லை. இருபது அடி நீளத்துக்கு ஒரே தையல், எங்கும் கோணவில்லை. சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், சோற்றை விழுங்கிவிட்டுப் போய்விட்டார். மறுநாளிலிருந்து அந்த மிஷின் அவளுக்கு.

பிறகு கொட்டகை இருந்த இடம் கைமாறிப் போனது. கண்ணாடிச் சுவர் வைத்த ஆபீஸ் ஒன்று அங்கே எழும்பியது. தன் மிஷின் இருந்த அதே இடத்தில் ஹில்டா மாப்பு போட்டுத் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே! வரவேற்பறையில் ஆள் உயரத்துக்கு ஒரு மீன் தொட்டி வைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அது ஒழுகத் தொடங்கியது. மூன்று நாள் அவள்தான் துடைத்தாள். நான்காம் நாள் கொளத்தூரிலிருந்து தொட்டி கட்டுகிறவர் ஒருவர் வந்தார். ஒரு குழாயிலிருந்து கண்ணாடி நிறத்தில் பசையைப் பிதுக்கி மூலைகளில் இழுத்துவிட்டார். விரலில் ஒட்டியதை ஏதோ எண்ணெய் நனைத்த துணியால் துடைத்தார்.

"இன்னாங்க அது?" என்றாள் ஹில்டா.

"சிலிக்கான்மா. காஞ்சிட்டா ரப்பர் மாரி ஆயிடும். ஒரு சொட்டு தண்ணி வராது."

"தொடைக்கிறது?"

"டர்பன்டைன். காயறதுக்கு முன்னாடி தொடைச்சா கரைஞ்சி பூடும். காஞ்சப்பறம் இன்னா பண்ணாலும் போவாது."

ஹில்டா மாப்புக் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே நின்றாள். கரையுமா? கரைந்தால் பிரஷ் வைத்துப் பூசலாமே! தண்ணீரை உள்ளே நிறுத்துகிற சாமான், வெளியே மட்டும் நிறுத்தாதா என்ன? இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எந்தப் படிப்பும் படிக்கவில்லை. ஒழுகுகிற தொட்டியை மூன்று நாள் துடைத்தவளுக்குத் தோன்றியது, அந்தக் கட்டடத்தில் ஏ.சி.யில் உட்கார்ந்திருந்த யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அவள் புருஷன் பிராங்க், திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். மழை வந்தால் ஆட்டோவின் மேல்துணி சரியாக அவர் உச்சந்தலைக்கு நேராக ஒழுகும். ஹில்டா அதைக் கழற்றிப் போட்டாள். பழைய பெயின்ட் டப்பாவில் ஒரு குழாய் சிலிக்கானைப் பிதுக்கி, டர்பன்டைனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, குச்சியால் கலக்கினாள். முதலில் திரி திரியாக நிற்கும். விடாமல் கலக்கினால் சுண்டக் காய்ச்சிய பால் பதத்துக்கு வரும். அந்தப் பதத்தில் பூசினாள். சாயங்காலம் காய்ந்துவிட்டது என்று நம்பி மடித்து வைத்தாள். காலையில் பிரித்தால் வருமா? மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிராங்க் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் இழுத்ததில் பாதி கிழிந்தது.

"நல்லா கீது மா. இப்ப ஒழுவவே ஒழுவாது. துணியே இல்லியே!" என்றார் பிராங்க்.

அடுத்த முறை ஒரு முழு நாள் காயவிட்டாள். பிறகும் மேலே லேசாகப் பிசுபிசுத்தது. பிராங்க் முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவை எடுத்துவந்து அப்படியே கவிழ்த்துத் தடவினாள். பிசுபிசுப்பு போன இடம் தெரியவில்லை. "அடியே, நான் இன்னாத்த பூசிக்கினு ஸ்டாண்டுக்குப் போறது?" என்று அவர் கத்த, "ஆட்டோ பூசிக்கினு போவட்டும், உன்ன யாரு பாக்கப் போறா?" என்றாள் இவள். அந்த வாரம் பெய்த மழையில் பிராங்கின் தலை நனையவில்லை. கல்யாண வீட்டுக்குள் வந்தது போல வாசனையாக இருக்கிறது என்று சவாரி ஏறியவர்கள் சொன்னார்கள்.

மாப்புக் கட்டைக்கு அன்றே கும்பிடு போட்டாள். சாப்பாடு கொண்டுபோகிற பிள்ளைகளின் முதுகுப் பைகள், ரெயின்கோட், பள்ளிப் பை, தள்ளுவண்டிக் கடைக் கூரை என்று வேலை தேடி வந்தது. தெருவில் அவளுக்குப் 'பசை ஹில்டா' என்று பெயர் விழுந்தது. கலக்குவது எப்போதும் திறந்த வெளியில்தான். டர்பன்டைன் பக்கத்தில் பிராங்க் ஒருமுறை பீடி பற்ற வைக்கப் போக, ஒரு பக்கெட் தண்ணீரை அவர் தலையில் கொட்டிவிட்டாள். "தீக்குச்சி கிழிச்ச, நேரா மோட்சம் தான்" என்றாள்.

இவ்வளவு வாய் பேசுகிறவள் வருடத்தில் பதினோரு நாள் அமைதியாகிவிடுவாள். ஆகஸ்ட் மாதம் பத்தொன்பதாம் தேதி காவிப் புடவை கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கிற பதினோரு நாள்தான் அது. மாதாவின் சின்னத் தேரை இழுத்துக்கொண்டு கோயில் பங்கிலிருந்து எழுபது எண்பது பேர் போவார்கள். அதில் பெண்கள் இருபத்திரண்டு பேர். ஒன்பது வருடமாக ஹில்டா ஒரு வருடம்கூடத் தவறவில்லை. எதற்காக நடக்கிறாய் என்று புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒருமுறை கேட்டார். மற்றவர்கள் எல்லாம் பிள்ளைக்கு வேலை, மகளுக்குக் குழந்தை என்று சொன்னார்கள். இவள், "பதினோரு நாளு நான் யாருக்கும் சோறு பொங்க வேணாம் ஃபாதர். மாதாவோட பேசிக்கினே போவேன். ஊட்டுல பேச நேரம் ஏது?" என்றாள். சாமியார் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறபோது அவளுக்குச் சிரிப்பு வராது. அந்தப் பதினோரு நாளுக்காகத்தான் மீதி நாட்களை அவள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அதில்தான் கை வைத்தார்கள்.

போன வருடம் சீர்காழிக்கு முன்னால் ஓரிடத்தில் தங்கியபோது அடித்து ஊற்றியது மழை. ஆண்கள் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருந்தார்கள். பெண்களுக்குப் பழைய கித்தான் கூடாரம். ஒழுகியதா, அருவியாகக் கொட்டியதா என்று சொல்ல முடியாது. விடிகிற வரை இருபத்திரண்டு பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. அதில் ஒருத்தி ஸ்வீட்லின், பாதயாத்திரைக் குழுத் தலைவர் பால்ராஜின் மனைவி.

இந்த வருடம் ஜூலை கடைசியில் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். 'பெண்களின் நலன் கருதி, இவ்வாண்டு பாதயாத்திரையில் ஆண்கள் மட்டும் பங்கேற்பர். பெண்கள் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் பேருந்தில் அழைத்துச் செல்லப்படுவர்.' கீழே பால்ராஜின் கையெழுத்து. நலன் கருதி! கருதுகிறவர்கள் ஒரு பெண்ணையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

பூசை முடிந்து வந்த ஹில்டா அதை இரண்டு முறை படித்தாள். பால்ராஜ் கோயில் வாசலில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். ஒரு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் தொங்கும். யாத்திரைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தாலும் தொங்கும்.

"அண்ணே, இது இன்னா?"

"படிச்சியே, அதான்."

"எங்கள ஏன் நிறுத்தினீங்க?"

"போன வருஷம் நனைஞ்சீங்களே, போதாதா?"

"ஒழுகினது டென்ட்டு, நாங்க இல்ல. நிறுத்தறதுன்னா டென்ட்ட நிறுத்து. நடக்கறவளுங்கள இன்னாத்துக்கு நிறுத்துற?"

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றார்கள். பால்ராஜ் குரலைத் தாழ்த்தினார். "புது டென்ட்டு வாங்கறதுக்கு வழி இல்ல. அந்தப் பழசுல ஒரு பொம்பளையையும் நான் படுக்க வைக்க மாட்டேன்."

"பழசையே நான் ஒழுவாம பண்ணித் தரேன். அப்ப?"

"நீயா?"

"ஊரு ரெயின்கோட்டு பூரா நான் தான பூசறேன். டென்ட்டு இன்னா, பெரிய ரெயின்கோட்டு."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்களே, பால்ராஜால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. "சரி. ஆகஸ்ட்டு மொத ஞாயித்துக்கெழம, ரெண்டாம் பூசை முடிஞ்சதும் தண்ணி லாரி வரும். ஹோஸ் வெச்சி அடிப்போம். ஒரு சொட்டு உள்ள வந்தாலும் பஸ்ஸு தான்" என்றார். "வராது" என்றாள் ஹில்டா.

கூடாரத்தை முதலில் துவைக்க வேண்டும். அந்த வேலையைச் சபீனா கேட்டு வாங்கிக்கொண்டாள். சபீனா பூந்தமல்லியில் ஒரு கிளினிக்கில் ஆயாவாக இருப்பவள். பன்னிரண்டு வருடமாகக் கோயில் பீடத்துணிகளைத் துவைத்துத் தருகிறவளும் அவள்தான். அவள் கை பட்ட பீடத்துணியில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு நாள் துவைத்துக் காயவைத்துக் கொடுத்தாள். ஹில்டா தொட்டுப் பார்த்தாள். துணி விறைப்பாக நின்றது. கித்தானுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுப் போனாள். பெண்கள் எல்லாரும் சேர்ந்து தெருவிலேயே விரித்து, பூசி, காயவைத்து, பவுடர் தடவி முடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மைதானத்தில் கூடாரம் நின்றது. என்ன அழகு! பூசைக்கு வந்த கூட்டம் முழுவதும் சுற்றி நின்றது. பெண்கள் இருபத்திரண்டு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள், ஹில்டா முன்னால். பால்ராஜும் உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லாரிக்காரர் ஹோஸைத் திறந்தார்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. ஹில்டா தலையைத் தூக்கிப் பால்ராஜைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்தாள். கை வெள்ளையாக இருந்தது. அடுத்த சொட்டு, அதற்கடுத்தது. மேலே பூச்சு பால் ஏடு போலத் தனியாகக் கிளம்பி, கிளம்பிய இடத்திலெல்லாம் வெள்ளைத் தண்ணீர் ஊற்றத் தொடங்கியது. பால்ராஜ் உள்ளங்கையை நீட்டி அதைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா ஹில்டா, டென்ட்டுக்குள்ள சோறு வடிக்கிறியா?"

கூட்டம் சிரித்தது. ஆண்கள் சிரித்தார்கள், அவர்களின் பிள்ளைகள் சிரித்தார்கள், ஹோஸைப் பிடித்திருந்த லாரிக்காரரும் சிரித்தார். ஹில்டாவுக்கு முகம் தீயாக எரிந்தது. இதற்குப் பதினான்கு வருடம் கித்தான் தைத்தேனா என்று நினைத்தாள்.

பின்னால் சபீனாவின் குரல் நடுங்கியது. "அக்கா... நான் கஞ்சி போட்டேன்க்கா."

"இன்னாது?"

"மாதாவாண்ட போற டென்ட்டு ஆச்சேன்னு... பீடத்துணிக்குப் போடற மாரியே... தெருவுல ஊடு ஊடா போய் வடிச்ச கஞ்சி வாங்கியாந்து... நீலம் போடல அக்கா, காக்கித் துணியாச்சேன்னு நீலம் மட்டும் போடல..."

அழுதுகொண்டே சொன்னாள். கோயிலுக்குப் போகிற துணி கஞ்சி இல்லாமல் அவள் கையை விட்டுப் போனதே இல்லை. துணியில் ஊற வேண்டிய பூச்சு கஞ்சியின் மேல் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் பட்டதும் கஞ்சி கரைந்தது, பூச்சும் அதோடு கிளம்பியது. ஹில்டாவுக்கு வந்த கோபத்தில் சபீனாவை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஆனால் எதிரே இத்தனை பல் தெரிந்துகொண்டிருக்க, தன் கூட்டத்தில் ஒருத்தியைப் பிடித்துக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. துணி விறைத்தபோதே தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் உறைத்தது.

பால்ராஜ் பக்கம் திரும்பினாள். "தப்பு என்னுது. துணியப் பாக்காம பூசிட்டேன். திரும்ப பூசறேன். அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாருங்க."

"ஒரு வாட்டி தான பேச்சு?"

"ஒழுவக் கூடாதுன்னு தான் பேச்சு. எத்தினி வாட்டின்னு பேசலியே?"

"உடு ஹில்டா. பஸ்ஸு சொல்லியாச்சி." அவர் குரல் திடீரென்று இறங்கியது. "போன வருஷம் ஸ்வீட்லின் என் மடியில கொதிச்சா. மூணு மணி நேரம் ஒரு வண்டி கெடைக்கல. இன்னொரு தபா அத்த என்னால பாக்க முடியாது."

பொய் இல்லை. அவர் பயந்துபோயிருந்தார். ஹில்டாவுக்கும் அது தெரியும்.

"ராத்திரி பூரா அவ நெத்தியில நான் தான ஈரத்துணி போட்டேன், எனுக்குத் தெரியாதா? ஆனா நடக்கணுமா வேணாமான்னு அவங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கூடாரத்தைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ஹில்டா அழுதாள். பின்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. பிராங்க் வந்து பார்த்துவிட்டு, குழாயை மூடினார்.

"காயலான் கடைக்கு நான் தான் எடுத்துகினு போவணுமாம். போவட்டுமா?"

"கைய வெச்சிப் பாரு" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"அதான் நேரா இங்க எடுத்தாந்துட்டேன். ஆட்டோல கீது."

அடுத்த நாளிலிருந்து தெரு அமர்க்களப்பட்டது. தொங்கிய பூச்சையெல்லாம் நகத்தால் உரித்தெடுத்தார்கள். வெந்நீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, அலசி, மறுபடி ஊறவைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வந்து தேய்த்தார்கள். மூன்றாம் நாள் சபீனா கிளினிக்கிலிருந்து, புண்ணுக்குப் போடுகிற அயோடின் டிஞ்சர் ஒரு சின்னப் பாட்டில் கொண்டுவந்தாள். கஞ்சி இருக்கிற இடத்தில் டிஞ்சர் பட்டால் கருநீலமாக மாறும் என்று தன் மகளின் பள்ளிப் புத்தகத்தில் பார்த்தாளாம். சொட்டு சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். தையல் ஓரமெல்லாம் கருநீலம்! "பாவி, எவ்ளோ கஞ்சிடி ஊத்துன?" என்றாள் ஹில்டா. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். மறுபடி தேய்த்தார்கள். எங்கே சொட்டினாலும் டிஞ்சர் தன் பழுப்பு நிறத்திலேயே நிற்கிற வரை தேய்த்தார்கள்.

அந்த மூன்றாம் நாள்தான் ஸ்வீட்லின் வந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பிரஷை எடுத்து உட்கார்ந்தாள். ஹில்டா வெந்நீர் பக்கெட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். ஒரு மணி நேரம் தேய்த்துவிட்டு ஸ்வீட்லின் தானாகச் சொன்னாள்: "காய்ச்சல் வந்தது எனுக்கு. நடக்க வேணாம்னு முடிவு பண்ணது அவுரு. இது இன்னா நியாயம்?"

பூச்சு இந்த முறை துணிக்குள் இறங்கியது. தையல் ஓட்டைகளுக்கு மட்டும் கெட்டியாகக் கலக்கி, சின்னப் பிரஷால் ஹில்டாவே ஒவ்வொன்றாக அடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தெருவில் கூடாரத்தை நிறுத்தி, மொட்டை மாடியிலிருந்து ஹோஸ் போட்டு ஒரு மணி நேரம் அடித்தார்கள். உள்ளே பாய் விரித்துப் படுத்திருந்த பிராங்க் தூங்கியே போய்விட்டார். எழுப்பி முதுகைத் தடவிப் பார்த்தார்கள். வியர்வை மட்டும்தான்.

பால்ராஜுக்கு ஆள் அனுப்பினார்கள். 'செக்கிங் முடிஞ்ச கதை' என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஹில்டாவே நேரில் போனாள். வீட்டுக்குள்ளிருந்தே, "பஸ்ஸுல சீட்டு போட்டாச்சிம்மா" என்றார். கதவு வரைகூட வரவில்லை. வந்து பார்த்தால் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும் அல்லவா?

"சீட்டு நல்லா இருக்கட்டும்ணே. பத்தொம்பதாந் தேதி காலைல பாக்கலாம்" என்றாள் ஹில்டா.

பத்தொன்பதாம் தேதி விடிகாலைப் பூசை முடிந்தது. வெளியே மாதாவின் தேர் பூ வைத்துத் தயாராக நின்றது. ஆண்கள் காவி வேட்டியில் வரிசை கட்டினார்கள். பால்ராஜ் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். அப்போது தெரு முனையிலிருந்து பிராங்கின் ஆட்டோ வந்தது. அதன் கூரையில் மடித்துக் கட்டிய கூடாரம். பின்னால் காவிப் புடவையில் இருபத்திரண்டு பேர்.

விசில் வாயிலிருந்து இறங்கியது. "யாரக் கேட்டு வந்தீங்க?"

"மாதாவக் கேட்டு" என்றாள் ஹில்டா. "ரோடு கவர்மென்ட்டுது. காலு எங்களுது. டென்ட்டு காயலான் கடைக்குப் போட்டது. இதுல உங்கள இன்னா கேக்கணும்?"

"எதுனா ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?"

"நாங்க தான். எங்களுக்கு வாய் கீது."

பால்ராஜின் கண் வரிசையில் ஓடியது. மூன்றாவதாக நின்றிருந்த ஸ்வீட்லினிடம் வந்து நின்றது. "நீயுமா?" என்றார். அவ்வளவு மெல்ல அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"மாத்திர எடுத்து வெச்சிக்கினேன். ஸ்வெட்டரும் கீது" என்றாள் ஸ்வீட்லின். "நான் நடக்கறேன்."

அதற்குள் சாமியார் மந்திரித்த தீர்த்தத்தோடு வெளியே வந்துவிட்டார். நடந்த பேச்சு அவர் காதில் விழுந்ததா, விழாத மாதிரி இருந்தாரா, தெரியவில்லை. தேருக்குத் தெளித்தார், ஆண்களுக்குத் தெளித்தார், அதே வேகத்தில் பெண்கள் வரிசைக்கும் தெளித்துக்கொண்டே வந்தார். வண்டிக்கும் ஆசீர்வாதம் வேண்டும் என்று பிராங்க் கும்பிட, ஆட்டோவின் மேலும் கையை ஓங்கி ஒரு வீச்சு.

கூடாரத்தின் மேல் விழுந்த தீர்த்தம் உள்ளே இறங்கவில்லை. முத்து முத்தாக நின்றது. பிராங்க் ஆட்டோவை அணைக்க மறந்திருந்தார். அந்த நடுக்கத்தில் முத்துகள் ஒவ்வொன்றாக உருண்டு ஓரத்துக்கு வந்து, தரையில் சொட்டி விழுந்தன. துணியில் ஓர் ஈரப் புள்ளி இல்லை. மொத்தக் கூட்டமும் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

சபீனா பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். "அக்கா, தீர்த்தமே ஒட்டலியே! பாவமாக்கா?"

"உன் மூஞ்சில பட்டுச்சில்ல? அது போதும். டென்ட்டுக்கு இன்னாத்துக்கு மோட்சம்?"

பால்ராஜ் ஆட்டோவின் அருகே போனார். தீர்த்தம் விழுந்த இடத்தைத் தடவினார். தையல் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். கை காய்ந்தே இருந்தது. ஸ்வீட்லின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, தலைவர் குரலை வரவழைத்துக்கொண்டார். "சரி, சரி. நேரமாவுது. லேடீஸ் எல்லாம் தேருக்குப் பின்னாடி வாங்க. ரெண்டு ரெண்டு பேரா."

"பின்னாடி இன்னாத்துக்குண்ணே?" என்றாள் ஹில்டா. "தேர இழுத்துகினு நீங்க மெதுவா வாங்க. நாங்க முன்னாடி போய் டென்ட்டு அடிச்சி வைக்கிறோம்."

புடவை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். "மரியே வாழ்க!" என்று ஒரு குரல் கொடுத்தாள். இருபத்தொரு குரல் அதற்குப் பதில் சொன்னது. பிராங்க் ஆட்டோவை உருட்டினார். பால்ராஜ் விசிலை ஊதினார், இன்னொரு முறை பலமாக ஊதினார். அதற்குள் அவர்கள் குமணன்சாவடி சிக்னலைத் தாண்டி, குன்றத்தூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தார்கள்.